டிரோம்சோ முதல் லாங்யர்பியென் வரை: வடகோடி விமானப் பயணத்தின் தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்கிடலாம்

அலைபேசியில் தட்டையான உலக வரைபடம் ஒன்றைத் திறந்து, நார்வேயின் வடக்கில் இருக்கும் டிரோம்சோவைத் தேடுங்கள். அதற்கும் மேலே, ஆர்க்டிக் பெருங்கடலின் நடுவே, சுவால்பார்டு தீவுகளில் லாங்யர்பியென் என்ற ஊர் இருக்கும். இரண்டுக்கும் இடையே கடல் நீண்டுகொண்டே போகும். வரைபடத்தின் அளவை மாற்றாமல் அப்படியே நகர்த்தி, சென்னையையும் மும்பையையும் பாருங்கள். வடக்கில் பார்த்த இடைவெளி இதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் இருக்கும்.

உண்மையில் சென்னை-மும்பை வான்வழித் தூரம் சுமார் 1,030 கி.மீ. டிரோம்சோ-லாங்யர்பியென் சுமார் 960 கி.மீ. வடக்கே இருக்கும் இரண்டு ஊர்கள்தான் ஒன்றுக்கொன்று பக்கம்.

வடகோடிப் பயணத்தை முதல்முறை திட்டமிடுபவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். முதலில் படத்தைப் பார்த்து மலைக்கிறார்கள். அப்புறம் இணையத்தில் '1 மணி 40 நிமிடம்' என்று பார்த்ததும், இவ்வளவுதானா என்று எல்லாவற்றையும் நெருக்கி நெருக்கிப் பதிவு செய்துவிடுகிறார்கள். தூரம் ஒரு எண், பறக்கும் நேரம் இன்னொரு எண், நாம் உண்மையில் போய்ச் சேரும் நேரம் மூன்றாவது எண். மூன்றையும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுப் பழகுங்கள். ஒரு தாளும், கைபேசியில் இருக்கும் கணிப்பானும் போதும்.

படி 1: எந்த விமான நிலையம் என்பதை உறுதிசெய்யுங்கள்

ஊர்ப் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். வடக்கில் பல ஊர்களுக்குப் பெயர் மாறியிருக்கிறது. கனடாவின் நூனவுட் பகுதித் தலைநகர் இக்காலுயிட் 1987 வரை ஃப்ரோபிஷர் பே என்றுதான் அழைக்கப்பட்டது. ஊர்ப் பெயர் மாறினாலும் விமான நிலையத்தின் குறியீடு இன்றும் ஒய்.எஃப்.பி. (YFB) தான். பயணச்சீட்டில் அதைப் பார்த்துவிட்டு வேறு ஊருக்குப் பதிவு செய்துவிட்டோமோ என்று பதற வேண்டியதில்லை.

நம் உதாரணத்தில் டிரோம்சோவுக்கு டி.ஓ.எஸ். (TOS), லாங்யர்பியெனுக்கு எல்.ஒய்.ஆர். (LYR). இவை சீட்டு வாங்கும்போது பார்க்கும் மூன்றெழுத்துக் குறியீடுகள். விமானிகளும் வானிலைக்காரர்களும் நான்கெழுத்துக் குறியீட்டைப் பயன்படுத்துகிறார்கள்: டிரோம்சோவுக்கு ஈ.என்.டி.சி. (ENTC), லாங்யர்பியெனுக்கு ஈ.என்.எஸ்.பி. (ENSB). இவற்றையும் குறித்து வையுங்கள். கடைசிப் படியில் வேலைக்கு வரும்.

படி 2: இரண்டு இடங்களின் ஆயங்களை எழுதுங்கள்

அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் வேண்டும். வரைபடச் செயலியில் ஓடுபாதையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் எண்கள் வரும்.

டிரோம்சோ: வடக்கு 69.683 பாகை, கிழக்கு 18.92 பாகை.
லாங்யர்பியென்: வடக்கு 78.246 பாகை, கிழக்கு 15.47 பாகை.

ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். வடக்கு-தெற்கு வித்தியாசம் சுமார் 8.56 பாகை. கிழக்கு-மேற்கு வித்தியாசம் சுமார் 3.45 பாகை.

படி 3: பாகையைக் கிலோமீட்டராக மாற்றுங்கள்

அட்சரேகையில் சிக்கல் இல்லை. உலகத்தில் எங்கே இருந்தாலும் ஒரு பாகை ஏறத்தாழ 111 கி.மீ. ஆக, 8.56 பாகை என்பது 950 கி.மீ.

தீர்க்கரேகைக் கோடுகள் அப்படியில்லை. அவை எல்லாம் துருவத்தில் போய் ஒன்றுசேர்பவை. பலாச்சுளையை உரித்துப் பார்த்திருந்தால் தெரியும்: நடுவில் அகலமாக இருந்து நுனியில் குறுகிவிடும். பூமியில் தீர்க்கரேகைகளுக்கு இடைப்பட்ட பகுதியும் அதே வடிவம்தான். சென்னையில் 3.45 பாகை கிழக்கே போனால் கிட்டத்தட்ட 373 கி.மீ. கடந்திருப்பீர்கள். டிரோம்சோவுக்கும் லாங்யர்பியெனுக்கும் நடுவில் அதே 3.45 பாகைக்கு 106 கி.மீ. தான்.

எவ்வளவு குறுகும் என்பதைக் கோசைன் சொல்லிவிடும். இரண்டு ஊர்களின் அட்சரேகைக்கும் சராசரி எடுங்கள்: ஏறத்தாழ 73.96 பாகை. அதன் கோசைன் 0.276. இனி 3.45 × 111 × 0.276 என்று பெருக்கினால் 106 கி.மீ.

இங்கே ஒரு எச்சரிக்கை. கணிப்பான் பாகைக்கணக்கில் இருக்கிறதா, ரேடியனில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கோசைன் 60 என்று தட்டினால் 0.5 வர வேண்டும். மைனஸ் 0.95 என்று வந்தால் அது ரேடியனில் இருக்கிறது. பலருடைய கணக்கும் இந்த இடத்தில்தான் பிசகுகிறது.

இப்போது பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் தேற்றம். 950-இன் வர்க்கத்தையும் 106-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 956 கி.மீ.

பூமியைச் சீரான உருண்டையாக வைத்துக்கொண்டு முழுக் கணக்கையும் போட்டால் 957 கி.மீ. வரும். நம் குறுக்குவழி ஒரே ஒரு கிலோமீட்டர்தான் தவறியிருக்கிறது. சில தளங்கள் 961 கி.மீ. என்றும் காட்டும். அதுவும் தப்பில்லை. பூமி துருவங்களில் சற்றே தட்டையாக இருப்பதால் அங்கே அட்சரேகையின் ஒரு பாகை கொஞ்சம் நீளம், சுமார் 111.6 கி.மீ.; நம் சென்னைப் பக்கம் 110.6 கி.மீ. இதைச் சேர்த்துக் கணக்கிடும் தளங்களில் நாலைந்து கிலோமீட்டர் கூடுதலாக வரும். பயணத் திட்டத்துக்கு இந்த வித்தியாசம் பொருட்டே இல்லை. இரண்டு தளங்களில் இரண்டு எண்களைப் பார்த்துக் குழம்பி நிற்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

கடல் மைலில் வேண்டுமென்றால் 1.852-ஆல் வகுங்கள். 957 கி.மீ. என்பது சுமார் 517 கடல் மைல்.

குறுக்குவழி எப்போது கைவிடும்?

இரண்டு ஊர்களும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், வெகுதூரம் கிழக்கு-மேற்காக இருந்தால் மேலே சொன்ன கணக்கு மிகையாகக் காட்டும். கனடாவின் யெல்லோநைஃபையும் இக்காலுயிட்டையும் எடுத்துக்கொள்வோம். யெல்லோநைஃப் வடக்கு 62.46, மேற்கு 114.44. இக்காலுயிட் வடக்கு 63.76, மேற்கு 68.56. தீர்க்கரேகை வித்தியாசம் மட்டும் 46 பாகைக்குப் பக்கத்தில். குறுக்குவழியில் போட்டால் 2,308 கி.மீ. வருகிறது. முழுக் கணக்கில் 2,262 கி.மீ. தான்.

காரணத்தை ஒரு நூலும் மேசை உருண்டையும் காட்டிவிடும். வீட்டில் பிள்ளைகளின் பூமி உருண்டை இருந்தால் எடுத்து வாருங்கள். தையல் நூலின் ஒரு முனையை யெல்லோநைஃபிலும் மறுமுனையை இக்காலுயிட்டிலும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் அட்சரேகைக் கோட்டோடு ஒட்டிப் போகாது. வடக்குப் பக்கமாக வளைந்து, நடுவழியில் 65-ஆவது பாகைக்கு ஏறி, மறுபடி கீழே இறங்கும். உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி அதுதான். பெருவட்டப் பாதை என்பார்கள். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டை என்றால் அந்த நூலின் நீளம் சுமார் 5.3 செ.மீ. இருக்கும். ஒரு செ.மீ. அங்கே கிட்டத்தட்ட 425 கி.மீ. ஸ்கேலால் அளந்து பெருக்கிப் பாருங்கள், விடை வியக்கும்படி நெருங்கி வரும். இணையத்தில் எண்ணை மட்டும் பார்ப்பதைவிட இதை ஒருமுறை கையால் செய்துபார்ப்பதையே நான் எல்லோருக்கும் சொல்வேன். விமானம் ஏன் 'மேலே சுற்றிக்கொண்டு' போகிறது என்ற கேள்வி அதன்பிறகு எழவே எழாது.

தீர்க்கரேகை வித்தியாசம் 10 பாகையைத் தாண்டினால் குறுக்குவழியை விட்டுவிட்டு, பெருவட்டத் தூரம் காட்டும் ஏதாவது ஒரு தளத்தில் இரண்டு குறியீடுகளையும் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

படி 4: தூரத்தை நேரமாக்குங்கள்

போயிங் 737 போன்ற ஜெட் உச்சியில் ஏறத்தாழ மணிக்கு 830 கி.மீ. வேகத்தில் பறக்கும். 957-ஐ 830-ஆல் வகுத்தால் 1 மணி 9 நிமிடம். ஆனால் அட்டவணையில் 1 மணி 40 நிமிடத்தை ஒட்டிப் போட்டிருப்பார்கள். விமான நிறுவனத்தின் கணக்கு கதவு மூடி வண்டி நகரும் நொடியிலிருந்து, மறுபக்கம் நின்று முடிக்கும்வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏற்றம், இறக்கம், குளிர்காலத்தில் இறக்கையில் பனி நீக்கும் திரவம் அடிப்பது, எல்லாம் அதில் அடக்கம்.

ஜெட் விமானத்துக்கு நான் வைத்திருக்கும் எளிய விதி: தூரத்தை 800-ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டுங்கள். நம் உதாரணத்துக்கு 1 மணி 12 நிமிடம் + 30 நிமிடம் = 1 மணி 42 நிமிடம். அட்டவணையோடு ஒத்துப்போகிறது.

விசிறி (ப்ரொப்பெல்லர்) எஞ்சின் விமானம் என்றால் வேறு கணக்கு. கனடாவின் வடக்கில் பரவலாக ஓடும் ஏ.டி.ஆர். 42 மணிக்கு 500 கி.மீ. அளவில்தான் போகும். தூரத்தை 500-ஆல் வகுத்து 20 நிமிடம் கூட்டினால் ஏறக்குறைய சரியாக இருக்கும். எந்த ரக விமானம் என்று பதிவுப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். வடக்கில் இதைப் பார்க்காமல் நேரத்தைக் கணிக்கவே கூடாது. அதே தூரத்துக்கு ஒன்றில் ஒன்றேமுக்கால் மணி, இன்னொன்றில் இரண்டேகால் மணி ஆகிவிடும்.

காற்றையும் கொஞ்சம் பார்க்கலாம். எதிர்க்காற்று மணிக்கு 100 கி.மீ. என்றால் 957 கி.மீ. தூரத்துக்குச் சுமார் 10 நிமிடம் கூடும். இவ்வளவு குறைந்த தூரத்தில் அது பெரிய விஷயமில்லை. யெல்லோநைஃப்-இக்காலுயிட் போல நீண்ட கிழக்கு-மேற்குப் பாதையில் அரை மணிக்கும் மேல் மாறலாம். பெரும்பாலும் கிழக்கே போகும்போது சீக்கிரம், மேற்கே திரும்பும்போது தாமதம்.

படி 5: நேர்வழியா, நின்று போகிறதா?

தூரத்தை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

ஆஸ்லோவிலிருந்து லாங்யர்பியென் நேராகப் பறந்தால் சுமார் 2,015 கி.மீ. டிரோம்சோவில் நின்று போனால் 1,115 + 957, அதாவது சுமார் 2,070 கி.மீ. தூரத்தில் வித்தியாசம் 60 கி.மீ. கூட இல்லை. நேரத்திலோ ஒரு மணிக்கும் மேல் கூடும். நேர் விமானம் 3 மணிக்குள் போய்விடும்.

கனடாவிலும் இதே கதை. யெல்லோநைஃபிலிருந்து இக்காலுயிட் போகிறவர்கள் ஹட்சன் விரிகுடாக் கரையில் இருக்கும் ரேங்கின் இன்லெட் வழியாகப் போவது வழக்கம். முதல் பகுதி சுமார் 1,136 கி.மீ., இரண்டாவது சுமார் 1,176 கி.மீ. கூட்டினால் 2,312. நேர்க்கோட்டைவிட 50 கி.மீ. அதிகம், அவ்வளவுதான். ஏ.டி.ஆர். விமானமாக இருந்தால் முதல் பகுதிக்கு 2 மணி 35 நிமிடம், இரண்டாவதற்கு 2 மணி 40 நிமிடம், நடுவில் நிறுத்தம் முக்கால் மணி என்று வைத்தால் மொத்தம் 6 மணி நேரம். இந்த விமானங்கள் சிலவற்றில் முன்பாதியில் சரக்கும் பின்பாதியில் இருக்கைகளுமாக இருக்கும். இக்காலுயிட்டுக்கு வெளியூரிலிருந்து சாலையே கிடையாது. காய்கறியும் மருந்தும் தபாலும் நம்மோடுதான் பறந்து வருகின்றன. இறக்கி ஏற்ற நேரம் ஆகத்தான் செய்யும். அவசரப்பட்டுப் பயனில்லை.

படி 6: கடிகாரத்தைச் சரிபாருங்கள்

டிரோம்சோ, லாங்யர்பியென், ஆஸ்லோ மூன்றும் ஒரே நேரம். குளிர்காலத்தில் நம்மைவிட நாலரை மணி பின்னால், கோடையில் மூன்றரை மணி பின்னால்.

யெல்லோநைஃப் பயணத்தில் கவனம் வேண்டும். இக்காலுயிட் கடிகாரம் அங்கிருந்து 2 மணி முன்னால் ஓடும். மேலே சொன்ன 6 மணிப் பயணத்தைக் காலை 9 மணிக்குத் தொடங்கினால் சீட்டில் போய்ச்சேரும் நேரம் மாலை 5 என்று இருக்கும். திரும்பி வரும்போது காலை 9-க்குக் கிளம்பினால் பகல் 1 மணி என்று இருக்கும். போகும்போது 8 மணி நேரம், வரும்போது 4 மணி நேரம் என்று தவறாக எண்ணிவிடாதீர்கள். சீட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரம்.

லாங்யர்பியெனில் இன்னொன்றும் உண்டு. ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 22 வாக்கு வரை அங்கே சூரியன் மறைவதே இல்லை. அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை உதிப்பதே இல்லை. கோடையில் நள்ளிரவில் இறங்கும்போதும் வெயில் அடிக்கும். அலைபேசியில் நேரத்தைப் பார்த்தால்தான் இரவு என்று தெரியும். தங்குமிடத்துக்கு வரவு நேரத்தைச் சொல்லும்போது தேதியை ஒருமுறை சரிபார்த்துச் சொல்லுங்கள்.

படி 7: கடவுச்சீட்டுக்கு நேரம் ஒதுக்குங்கள்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை இரண்டு முறை படியுங்கள்.

சுவால்பார்டு நார்வேயின் ஆட்சிக்கு உட்பட்டதுதான். 1920-இல் கையெழுத்தான உடன்படிக்கையின் கீழ் அதற்குத் தனி நிலை இருக்கிறது; ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் பகுதிக்குள் அது வராது. சுவால்பார்டுக்குப் போக விசா வேண்டாம் என்று நீங்கள் படித்திருக்கலாம். அது உண்மைதான். ஆனால் அங்கே போவதற்கு நார்வே வழியாகப் போக வேண்டும், அதற்கு ஷெங்கன் விசா வேண்டும். லாங்யர்பியெனுக்கு ஏறும்போது ஷெங்கனை விட்டு வெளியேறுகிறீர்கள். திரும்பும்போது மறுபடி நுழைகிறீர்கள். ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா வைத்திருந்தால் திரும்பி வர வழியிருக்காது. இரண்டு முறை அல்லது பலமுறை நுழையும் விசாவாகக் கேட்டு வாங்குங்கள். விண்ணப்பத்திலேயே பயணத் திட்டத்தோடு இதை எழுதுங்கள்.

நேரக் கணக்கிலும் இது சேரும். ஆஸ்லோவிலிருந்து டிரோம்சோவில் நின்று போகும் விமானத்தில், டிரோம்சோவில் கைப்பையோடு இறங்கி, கடவுச்சீட்டுச் சோதனை முடித்து, மறுபடி அதே விமானத்தில் ஏற வேண்டியிருக்கும். கடவுச்சீட்டை மேல் அறையில் பெட்டிக்குள் வைத்துவிட்டு ஜன்னலோரம் தூங்கிவிடாதீர்கள். சட்டைப்பையில் இருக்கட்டும்.

படி 8: வானிலைக்கு ஒரு நாள் விடுங்கள்

மற்ற படிகளில் கொஞ்சம் பிசகினாலும் சமாளித்துவிடலாம். இதில் பிசகினால் பணமும் நாளும் போய்விடும்.

லாங்யர்பியென் விமான நிலையம் 1975-இல் திறக்கப்பட்டது. மக்கள் சீட்டு வாங்கிப் போகக்கூடிய வழக்கமான விமான சேவை உள்ள நிலையங்களில் உலகிலேயே வடகோடியில் இருப்பது அதுதான். ஓடுபாதை நிரந்தரமாக உறைந்த மண்ணின் மேல் போடப்பட்டது. மேல்மண் உருகி மறுபடி உறையும்போது தளம் மேடும் பள்ளமுமாகிறது. திரும்பத் திரும்பச் செப்பனிட வேண்டியிருக்கிறது. சுற்றிலும் மலை, ஒரு பக்கம் பனிக்கடல் நீட்டிக்கொண்டு வரும் ஃபியோர்டு. குளிர்காலத்தில் புயல்காற்று, கோடையில் மூடுபனி.

அங்கே இறங்க முடியாவிட்டால் ஜெட் விமானத்துக்குப் பக்கத்தில் வேறு ஊர் கிடையாது. நார்வே நிலப்பகுதிக்கே திரும்ப வேண்டும். அதற்கான எரிபொருளோடுதான் கிளம்புகிறார்கள். அதனால் ஒன்றேகால் மணி பறந்து, மேகத்துக்குக் கீழே தீவின் மலை ஓரம் தெரியும் தூரம்வரை போய், மூன்று மணி நேரம் கழித்துக் கிளம்பிய டிரோம்சோவிலேயே இறங்குவது நடக்கக்கூடியதுதான். விமானியின் மேல் கோபப்படாதீர்கள். அவர் செய்தது மிகச் சரியான வேலை.

ஆகவே லாங்யர்பியெனிலிருந்து திரும்பும் அன்றே ஆஸ்லோவிலிருந்து இந்தியாவுக்கு விமானம் பிடிப்பது போலப் பதிவு செய்யாதீர்கள், அதுவும் தனித்தனிச் சீட்டாக. குறைந்தது ஒரு இரவு நடுவில் விடுங்கள். கனடாவின் வடக்கு என்றால் நான் இரண்டு இரவு என்பேன். அங்கே பல தடங்களில் விமானம் தினமும் கிடையாது. ஒன்று போய்விட்டால் அடுத்தது இரண்டு நாள் கழித்துத்தான்.

ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு மட்டும் இன்னொரு பகுதி இருக்கிறது. இந்தியாவின் ஆர்க்டிக் ஆய்வு நிலையமான ஹிமாத்ரி 2008 ஜூலை 1 அன்று நை-ஓலசுண்டில் திறக்கப்பட்டது. லாங்யர்பியெனிலிருந்து 110 கி.மீ. தான், சிறிய விமானத்தில் 25 நிமிடத்துக்குள் போய்விடலாம். அந்தத் தடத்தில் பல ஆண்டுகள் ஓடியது டோர்னியர் 228, கான்பூரில் எச்.ஏ.எல். தயாரிக்கும் அதே ரகம். சுற்றுலாப் பயணி நேரே போய்ச் சீட்டு வாங்க முடியாது. நிலையத்தின் வழியாக முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். 25 நிமிடப் பயணம்தானே என்று எண்ணாமல், அதற்கும் ஒரு நாளைச் சேர்த்தே வையுங்கள். விமானம் சிறியதாகும்போது வானிலை இன்னும் கடுமையாகத் தாக்கும்.

படி 9: கிளம்பும் நாள் காலையில்

முதல் படியில் எழுதி வைத்த நான்கெழுத்துக் குறியீட்டை இப்போது எடுங்கள். அதோடு 'மெட்டார்' (METAR) என்று சேர்த்துத் தேடினால், அந்த விமான நிலையத்தின் அப்போதைய வானிலை ஒரே வரியில் வரும். முதலில் நாள், நேரம். உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணியைக் கூட்டிக்கொள்ளுங்கள். அடுத்து காற்று: முதல் மூன்று இலக்கம் எந்தத் திசையிலிருந்து என்பது, அடுத்தது வேகம். 36028 என்று இருந்தால் நேர் வடக்கிலிருந்து 28 நாட், அதாவது மணிக்கு 52 கி.மீ. லாங்யர்பியென் ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு-மேற்காகப் போவதால், வடக்கிலிருந்து பலமாக அடிக்கும் காற்று அதற்குக் குறுக்கே அடிக்கும். அதன் பிறகு வருவது பார்வைத் தூரம். நார்வேயில் மீட்டரில் சொல்வார்கள், 9999 என்றால் 10 கி.மீ. அல்லது அதற்கும் மேல் தெளிவாகத் தெரிகிறது என்று பொருள். 0400 என்று வந்தால் 400 மீட்டருக்கு அப்பால் தெரியவில்லை, மூடுபனியோ பனிப்பொழிவோ மறைத்திருக்கிறது. கனடாவில் இதே இடத்தில் மைலில் இருக்கும்.

எண்கள் மோசமாக இருந்தால் அறையைக் காலி செய்வதற்கு முன்பே விடுதியில் பேசி, இன்னொரு இரவு இடம் கிடைக்குமா என்று கேட்டு வையுங்கள். விமானம் ரத்தாகி நூற்றைம்பது பேரும் ஒன்றாக இறங்கி வந்தபின் அந்தச் சின்ன ஊர்களில் அறை கிடைப்பது சிரமம்.